பித்தப்பையில் முடி முளைத்தவர்: கான்டனீஸ் பேச்சில் அசட்டுத் துணிச்சல்

இணையத்தில் உலவும் கான்டனீஸ் கொச்சைச்சொல் பட்டியல்களைப் பார்த்தால், ஏழெட்டுத் தொடர்களுக்கு எதிரே ஒரே பொருள்தான் போட்டிருக்கும்: 'துணிச்சலான'. அதை நம்பி மேலாளரைப் பாராட்டக் கிளம்பினால் வம்புதான். அந்த ஏழெட்டில் ஒன்று பாராட்டு, ஒன்று வசவு, ஒன்று சவால். இன்னொன்றைத் தன்னைப் பற்றி மட்டுமே சொல்லிக்கொள்ளலாம், அதுவும் பணிவாக. சிலவற்றுக்கும் துணிச்சலுக்கும் சம்பந்தமே கிடையாது, உயிருக்கு விலை பேசுகிற சொற்கள் அவை. பட்டியல் போடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை.

கான்டனீஸ் தென்சீனாவின் சீன மொழிகளில் ஒன்று. பேசப்படும் இடங்கள் குவாங்சோ, ஹாங்காங், மக்காவ். கடல் தாண்டிப் போன சீனர்கள் வழியாகக் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் அது தெருமொழி. மலேசியத் தமிழர்கள் பலருக்குச் சந்தையில் காதில் விழுந்து பழகிய ஓசைதான். அந்த ஓசைக்குள் அசட்டுத் துணிச்சல் எப்படிப் பேசப்படுகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## துணிச்சல் உடம்பில் எங்கே இருக்கிறது?

தமிழில் ஒருவருக்கு நெஞ்சுரம் என்றால் பாராட்டு, நெஞ்சழுத்தம் என்றால் குறை, கொழுப்பு என்றால் திட்டு. மூன்றும் உடம்பிலிருந்து எடுத்தவை. எந்த உறுப்பு, அதற்கு என்ன ஆயிற்று என்பதை வைத்தே பொருள் மாறுகிறது. கான்டனீஸிலும் இதே கதைதான். அங்கே உறுப்பு மட்டும் வேறு: பித்தப்பை. அதற்கு அவர்கள் சொல் டாம்.

நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகப் படும். நம் பேச்சில் பித்தம் தலைக்கேறினால் பைத்தியம். அவர்கள் பேச்சில் பித்தப்பை பெரிதாக இருந்தால் தைரியம். ஒரே சாறு, இரண்டு ஊரில் இரண்டு வேலை.

உடற்கூற்றியலைக் கேட்டால் பித்தப்பைக்கும் வீரத்துக்கும் தொடர்பில்லை. கல்லீரலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பை அது. கல்லீரல் சுரக்கும் பித்தநீரை 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை சேர்த்து வைத்து, கொழுப்புள்ள உணவு வந்தால் பிழிந்துவிடும். அவ்வளவுதான். ஆனால் பழைய சீன மருத்துவம் உடம்பை ஓர் அரசாங்கமாகப் பார்த்தது. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழைமையான 'ஹுவாங் தி நெய் ஜிங்' என்ற மருத்துவ நூல் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பதவி தருகிறது. இதயம் அரசன். பித்தப்பை நடுநிலை தவறாத அதிகாரி. முடிவெடுப்பது அதன் பொறுப்பு.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பித்தப்பைக்குக் கொடுத்த வேலை சண்டை போடுவது அல்ல, முடிவெடுப்பது. தயங்கி நிற்பவனுக்கும் சட்டென்று இறங்குபவனுக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பையில் இருப்பதாக நம்பினார்கள். அதனால்தான் டாம் என்ற சொல் தனியாக நிற்கும்போது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. முடிவெடுக்கும் திராணி, அவ்வளவே. அது வீரமா அசட்டுத்தனமா என்பதைக் கூட வரும் சொல் சொல்லும்.

அளவு பெரிதாக இருந்தால் துணிவும் பெரிது என்ற எண்ணம் வரலாற்றுக் குறிப்புகளிலேயே இருக்கிறது. மூன்று ராஜ்ஜியங்கள் காலத்துத் தளபதி ஜியாங் வெய் கி.பி. 264இல் செங்டு நகரில் கொல்லப்பட்டார். உடலை அறுத்துப் பார்த்தபோது பித்தப்பை ஒரு 'டவ்' அளவுக்குப் பெரிதாக இருந்ததாகப் பழைய உரைக்குறிப்பு ஒன்று சொல்கிறது. டவ் என்பது தானியம் அளக்கும் படி. அந்தக் காலத்து டவ் ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும். அதாவது சாதாரண மனிதனின் பித்தப்பையைப் போல் நாற்பது மடங்கு. மருத்துவம் ஒப்புமா என்பது வேறு விஷயம். 'டவ் டாம்', அதாவது படியளவு பித்தப்பை, என்ற தொடர் இன்றும் உயிரோடு இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இன்று அது பணிவுச் சொல். "அடியேன் துணிந்து ஒன்று கேட்கலாமா" என்கிற தோரணை. சரித்திர நாடகங்களில் அமைச்சர் அரசனிடம் பேசும்போது அடிக்கடி வரும்.

## முதலில் தொனி

கான்டனீஸில் ஓர் அசையை எந்தச் சுருதியில் சொல்கிறோம் என்பதும் சொல்லின் பகுதி. இதற்குத் தொனி என்று பெயர். மொத்தம் ஆறு. தொனி மாறினால் வேறு சொல்.

நம் தலைப்புக்குள்ளேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. 'மோவ்' என்ற அசையைத் தாழ்ந்து இறங்கும் தொனியில் சொன்னால் முடி, ரோமம். தாழ்விலிருந்து ஏறும் தொனியில் சொன்னால் 'இல்லை'. தாழ்வாகச் சமமாக இழுத்தால் மூடுபனி. இந்த மூன்றும் துணிச்சல் தொடர்களில் வருகின்றன. 'மோவ் டாம்' என்றால் பித்தப்பை இல்லாதவன், கோழை. 'டாம் ஸாங் மோவ்' என்றால் பித்தப்பையில் முடி முளைத்தவன். தொனி பிசகினால் கேட்பவர் புருவத்தை நெரிப்பார், பெரும்பாலும் சூழலை வைத்து ஊகித்துக்கொள்வார். டாம் மேலே ஏறும் தொனி. அதையே உயர்ந்த சமத் தொனியில் சொன்னால் 'சுமப்பது', நடுத்தரத் தொனியில் சொன்னால் காவடிப் பாரம். அந்தப் பாரம் ஓர் எடை அளவாகவும் நின்றுவிட்டது, ஏறக்குறைய 60 கிலோ.

தமிழ் எழுத்தில் இந்தத் தொனிகளைக் காட்ட வழியில்லை. ஆகவே கீழே வரும் உச்சரிப்புகளைப் பார்த்தால் அடையாளம் தெரிகிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவைக் கேட்காமல் வாயில் போட வேண்டாம்.

## பித்தப்பைக் குடும்பம்

மிதமானதிலிருந்து தொடங்கலாம்.

டாய் டாம்: பெரிய பித்தப்பை, துணிச்சல். இதன் எதிர்ச்சொல் ஸய் டாம், சின்னப் பித்தப்பை, பயந்தாங்கொள்ளி. இருட்டுக்குப் பயப்படும் குழந்தையைக்கூட ஸய் டாம் என்பார்கள், திட்டு அல்ல.

கவ் டாம்: போதுமான பித்தப்பை. 'கவ்' என்றால் போதும். இது பெரும்பாலும் 'துணிந்து ஒன்றைச் செய்ய' என்ற வினைபோல நடந்துகொள்ளும். "யாருக்குத் துணிவு இருக்கிறது?" என்ற கேள்வியிலும், "துணிவிருந்தா செஞ்சு பாரு" என்ற மிரட்டலிலும் இதுதான். கடைசியில் 'ஸேய்', அதாவது சாவு, என்ற சொல்லை ஒட்டிக் கவ் டாம் ஸேய் ஆக்கினால் "அடேயப்பா, அந்த அளவுக்கு ஆகிவிட்டதா" என்ற சூடு ஏறும்.

டாம் ச்சோவ் ச்சோவ்: முரட்டு முரட்டுப் பித்தப்பை. சரியாகத் தெரியாத வேலையில் துணிந்து கை வைப்பது. தொடக்கநிலையாளர் முதலில் கற்க வேண்டியது இதுதான் என்பேன். தன்னைப் பற்றிச் சொல்லும்போது இதில் பணிவு இருக்கிறது. சமையலே தெரியாதவர் விருந்துக்கு ஒரு மீன் ஆவியில் வேக வைத்துக் கொண்டுவந்தால், "டாம் ச்சோவ் ச்சோவ் என்று செய்து பார்த்தேன்" என்பார். "ஏதோ அசட்டுத் தைரியத்தில் இறங்கிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்ற பாவனை. அதையே மற்றவரைப் பற்றிச் சொன்னால், "தகுதி பார்க்காமல் இறங்கிவிட்டான்" என்ற குத்தல் வரும்.

டாம் ஸாங் மோவ்: பித்தப்பையில் முடி முளைத்துவிட்டது. வழவழப்பாக இருக்க வேண்டிய உள்ளுறுப்பில் மயிர் முளைப்பது இயற்கைக்கு மாறானது. அந்த அருவருப்புதான் இந்தத் தொடரின் கூர்மை. இது வரம்பு மீறல். மேலதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்த புது ஆள், அப்பாவின் காரைச் சொல்லாமல் எடுத்துப் போன பையன், சூதாட்டக் கடனைத் திருப்பித் தராமல் அதே கடையில் தேநீர் குடிக்க வந்தவன். இவர்களுக்கு இந்தப் பட்டம். பட்டியல்களில் இதற்கும் 'துணிச்சலான' என்றே போட்டிருக்கும். பாராட்டாக நினைத்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

கரடியின் இதயத்தையும் சிறுத்தையின் பித்தப்பையையும் தின்றவன் என்று ஒரு தொடர் உண்டு. அது கான்டனீஸுக்கு மட்டும் சொந்தமில்லை, சீனாவின் பொதுமொழியான மாண்டரின் பேசுவோரும் சொல்வார்கள். நாடகத்தனம் கூடுதல்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: டாம் என்பது முடிவெடுக்கும் திராணி. அளவு பெரிதென்றால் துணிவு, போதுமென்றால் துணிதல், முரடென்றால் அரைகுறைத் துணிவு, முடி முளைத்தால் வரம்பு மீறல்.

## உயிர் மலிவானால்

இந்தக் குடும்பத்திலேயே என் கண்ணுக்கு மிக நேர்த்தியானது நான்கே அசைகள்: டாம் ஜெங் மெங் பெங். 'பித்தப்பை அசல், உயிர் மலிவு.' டாம் பித்தப்பை, ஜெங் சரியானது, அசல். மெங் உயிர், பெங் விலை குறைவு. சந்தையில் பொருளின் தரமும் விலையும் சொல்வதுபோல் ஒரு மனிதனைக் கூவி விற்கிற தொடர் இது. துணிச்சல் முதல் தரம், உயிர் தள்ளுபடி விலை.

இங்கே உச்சரிப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கான்டனீஸில் பல சொற்களுக்குப் படிப்பு வழக்கில் ஓர் ஓசையும் பேச்சு வழக்கில் இன்னோர் ஓசையும் உண்டு. அதே எழுத்துகளை ஏட்டு வழக்கில் படித்தால் ஜிங், மிங், பிங் என்று வரும். அந்த ஓசையில் 'பிங்' என்றால் சமம், அமைதி. பேச்சு வழக்கில் 'பெங்' என்று சொன்னால்தான் 'மலிவு'. ஆக, எழுத்தைப் பார்த்துப் படித்த மாண்டரின்காரர் "துணிவு நேர்மையானது, வாழ்வு அமைதியானது" என்று ஏதோ ஆசீர்வாதமாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. பேச்சில் வந்தால் ஜெங்–மெங்–பெங் என்று மூன்று எதுகையாக அடுக்கி விழும், நாக்கில் நின்றுவிடும்.

யாருக்குச் சொல்வார்கள்? உயரமான கட்டடத்தின் விளிம்பில் கயிறில்லாமல் நடந்து படம் எடுக்கும் இளைஞருக்கு. கீழே பாதுகாப்பு வலை இல்லாத சண்டைக்காட்சியில் குதிப்பவருக்கு. வியப்பும் தலையசைப்பும் பாதிப் பாதி. 'முடி முளைத்தது' போல இது முகத்துக்கு நேரே எறியும் வசவு அல்ல, மூன்றாம் மனிதரைப் பற்றிய வர்ணனை.

இந்த வரிசையில் இன்னும் இரண்டு. சாகப்போவது தெரியாமல் ஆடுகிறவனை, "சாவு என்ற எழுத்தை எப்படி எழுதுவது என்றுகூடத் தெரியாதவன்" என்பார்கள். கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுகிறவனைப் பார்த்து, "மறுபிறவி எடுக்க அவசரமா?" என்பார்கள். கோன் ஜூ ஹொய் தவ் தோய். செத்தால்தானே மறுபிறவி, அதற்கு இவ்வளவு விரைவாகப் போகிறாயே என்று அர்த்தம். ஹாங்காங்கின் 19 இருக்கை மினிபஸ்கள் வேகத்துக்குப் பெயர்போனவை. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தப் பேருந்துகளின் பின்னிருக்கைகளில் இந்த வாசகத்துக்கு நல்ல கிராக்கி.

## பாதி சொல்லி நிறுத்துவது

கான்டனீஸ் பேச்சில் ஹிட் ஹவ் யூ என்றொரு வகை உண்டு. இரண்டு பாதியுள்ள சொலவடை: முதல் பாதி விடுகதை போல ஒரு காட்சி, இரண்டாம் பாதி அதன் விடை. தெரிந்தவர்களுக்குள் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள்.

துணிச்சலுக்கு இந்த வகையில் மிகப் பிரபலமானது, "ஸவ் ஸிங் குங் டியூ கெங்: யிம் மெங் ச்சோங்." ஸவ் ஸிங் குங் நீண்ட ஆயுளின் தெய்வம். புடைத்த நெற்றி, வெண்தாடி, ஒரு கையில் தடி, ஒரு கையில் பீச் பழம். வீடுகளிலும் கடைகளிலும் நற்பேறு, பதவி, ஆயுள் என்று மூவராக நிற்கும் பொம்மைகளில் ஒருவர். அவர் கழுத்தில் சுருக்குப் போட்டுக்கொள்கிறார். ஏன்? ஆயுள் நீளமாக இருப்பது பிடிக்கவில்லையாம். தேவையில்லாமல் ஆபத்தை விலைக்கு வாங்குகிறவனுக்கு இது. "ஆயுள் தெய்வம் கழுத்தில் கயிறா?" என்று கேட்டாலே போதும், மீதி புரிந்துவிடும்.

வலியவரைச் சீண்டுவதற்குத் தனி வரிசை. "புலித் தலையில் பேன் குத்துவது" அசல் கான்டனீஸ் சரக்கு. பேனுக்கு அவர்கள் சொல் ஸட் நா. "தாய் ஸொய் தலைமேல் மண் தோண்டுவது" சீனம் முழுவதும் உள்ளது. தாய் ஸொய் ஆண்டுத் தெய்வம். வியாழன் கோளின் சுற்றோடு சேர்ந்த நம்பிக்கை இது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு திசையில் இருப்பார், அந்தத் திசையில் அஸ்திவாரம் தோண்டினால் ஆபத்து. பேட்டை ரவுடியின் கடையிலேயே திருடுகிறவனுக்கு இரண்டில் எதையும் சொல்லலாம். பேன் சிரிப்பாக இருக்கும், தெய்வம் கனமாக இருக்கும்.

## பந்தயக் குடும்பம்: பொக்

பித்தப்பைக்கு அடுத்த பெரிய குடும்பம் 'பொக்'. மல்லுக்கட்டுவது, பணயம் வைப்பது இரண்டும் இதில் உண்டு.

பொக் மெங், உயிரைப் பணயம் வைப்பது. அகராதியைப் பார்த்துத் தற்கொலைத் துணிச்சல் என்று எண்ணிவிடுகிறார்கள். நடைமுறையில் ஹாங்காங் அலுவலக ஊழியர் "இந்த மாதம் பொக் மெங் வேலை" என்றால், விழுந்து விழுந்து உழைக்கிறார் என்று மட்டுமே பொருள். பரீட்சைக்குப் படிப்பதும் பொக் மெங்தான்.

பொக் டாய் மோவ், பெரிய மூடுபனியை நம்பிப் பந்தயம். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்ற தெம்பில் காரியத்தைச் சாதித்துக்கொள்வது. வரிசையில் நைசாகப் புகுவது, கணக்கில் ஒரு செலவைச் செருகுவது. இது கோழையின் துணிச்சல். முன்பு சொன்ன மூன்றாவது மோவ் இதுதான்.

பொக் ச்சாவ், வறுபடுவதற்காகப் பந்தயம். புரிய ஒரு படி கூடுதலாக வேண்டும். வேலையிலிருந்து நீக்குவதைக் 'கணவாய் வறுப்பது' என்பார்கள். கணவாய்த் துண்டு சூட்டில் சுருள்வது, வேலை போனவர் படுக்கையைச் சுருட்டிக் கட்டுவதுபோல இருக்கிறதாம். மேலாளர் பேசும்போது கைபேசியில் விளையாடுகிறவன், வேலை போகட்டும் என்று நடந்துகொள்கிறான். அவன் பொக் ச்சாவ்.

அண்மைக்காலத்தில் பிரபலமானது ஒரு எதுகை வரி: "பொக் யட் பொக், டான் ச்சே பின் மோ தொக்." ஒரு தடவை துணிந்து பார், சைக்கிள் மோட்டார் சைக்கிளாகும். ஹாங்காங்கில் அன்றாடப் பேச்சில் மோட்டார் சைக்கிளுக்கு 'மின் சைக்கிள்' என்ற பொருள்படும் 'டின் டான் ச்சே' என்றே பெயர். பொக்குக்கு எதுகை வேண்டும் என்பதற்காக இங்கே மோ தொக் வந்திருக்கிறது. பங்குச்சந்தை, குதிரைப் பந்தயம், 49 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்கும் மார்க் சிக்ஸ் சீட்டு எதற்கும் இதைச் சொல்லிக்கொண்டு இறங்குவார்கள். தோற்றவன் கதை இந்த வரியில் இல்லை. மற்றவர்கள் அதை ஞாபகப்படுத்துவார்கள்: சைக்கிளும் போச்சு.

## இஞ்சியும் சுவர்க்கோழியும்

பித்தப்பை, உயிர் எதுவும் வராத சொற்களில் கவ் கோங் முக்கியமானது: போதுமான இஞ்சி. கோங்கின் உயிரொலி ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் நடுவில், உதட்டைக் குவித்துச் சொல்வது. ஆளிடம் காரம் இருக்கிறது என்று பொருள். இது உண்மையிலேயே பாராட்டு. ஆனால் "இஞ்சி இருந்தா வா" என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் சண்டைக்கு அழைப்பு.

லான் தவ் ஜொட், தலை உடைந்த சுவர்க்கோழி. சுவர்க்கோழிப் பூச்சிகளைச் சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டும் பழக்கம் சீனாவில் நெடுங்காலமாக உண்டு. அடிபட்டும் பின்வாங்காமல் பாயும் பூச்சி இது. இழக்க ஒன்றுமில்லாதவன். அதே ஓசையில் 'காலாள்' என்ற எழுத்தைப் போட்டு, முன்னால் தள்ளிவிடப்படும் பலியாள் என்ற பொருளிலும் எழுதுவார்கள்.

## ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்

"நேய் டாம் ஸாங் மோவ் ஆ?"

நேய், நீ. டாம், பித்தப்பை. ஸாங், முளைக்க. மோவ், முடி. கடைசி 'ஆ' ஈற்றசை, அதாவது வாக்கிய முடிவில் வந்து பேசுபவரின் மனநிலையை மட்டும் காட்டும் சிறு ஒலி. தாழ்ந்து இறங்கும் 'ஆ' வந்தால் வியப்புக் கேள்வி: "உனக்கு என்ன, பித்தப்பையில முடி முளைச்சிருக்கா?" பதில் எதிர்பார்க்காத கேள்வி, அதட்டல். கேட்பவர் பெரியவராகவோ மேலதிகாரியாகவோ இருப்பார்.

இதையே நண்பர்களுக்குள், முன்னால் ஒரு 'வா' என்ற வியப்பொலியும் முடிவில் 'வோ' என்ற ஈற்றசையும் போட்டுச் சொன்னால், "அட, பய முடி முளைச்சவன்தான்பா" என்று மெச்சுதலாகிவிடும். நடுவில் உள்ள மூன்று அசையும் அப்படியே இருக்கின்றன. ஓரங்கள் மாறியதால் பொருள் புரண்டது. தனித் தொடரை மட்டும் மனப்பாடம் செய்தவர் தடுக்கி விழுவது இந்த ஓரங்களில்தான்.

ஆகவே ஒரு தொடரைக் கேட்டால் வரிசையாக மூன்றைப் பாருங்கள். உறுப்பைப் பேசுகிறதா, உயிரைப் பேசுகிறதா, பந்தயத்தைப் பேசுகிறதா? சொல்பவர் மேலே இருக்கிறாரா, சமமா? வாக்கியம் எந்த ஈற்றசையில் முடிகிறது? நீங்களே பேச வேண்டுமானால் தொடக்கத்தில் டாம் ச்சோவ் ச்சோவ், பொக் மெங் இரண்டும் போதும், இரண்டையும் உங்களைப் பற்றி மட்டும். முடி, இஞ்சி, ஆயுள் தெய்வம் எல்லாம் காதுக்கு மட்டும், வாய்க்கு அல்ல.

## டாம் என்று கேட்டதெல்லாம் துணிச்சல் அல்ல

பை வடிவில் உள்ளே ஏதோ அடங்கியிருக்கும் பொருள்களுக்கும் டாம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெந்நீர்க் குடுவைக்குள் இருக்கும் கண்ணாடிக் கூடு ஒரு டாம். பழைய வால்வு ஒலிபெருக்கி 'டாம் கெய்', பித்தப்பை எந்திரம். மின்விளக்குக் குமிழ் 'டாங் டாம்', விளக்குப் பித்தப்பை.

கடைசியில் உள்ளதை முழுதாக 'டின் டாங் டாம்' என்று மனிதரைப் பார்த்துச் சொன்னால் வேறு கதை. குமிழுக்குள் காற்று புகாது. அதனால் அது சூழ்நிலை விளங்காதவர், குறிப்பாகக் காதலர்கள் இருவருக்கு நடுவே மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர். இரவுச் சாப்பாட்டில் உங்களைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால், உங்கள் துணிவை யாரும் மெச்சவில்லை. பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்பலாம்.